பட்டறிந்தவர்களுக்கு எந்த இருக்கை? உள்ளூர்ச் சேவைகளை வடிவமைப்பதில் ஐந்து வழிகள்

மனநலச் சிகிச்சை, போதை மீட்பு, வீடற்றோர் தங்குமிடம், மாற்றுத்திறனாளிகளுக்கான உதவி, முதியோர் பராமரிப்பு என ஏதேனும் ஒரு சேவையை உள்ளூர் அளவில் நடத்தும் அமைப்புகள், அந்தச் சேவையைப் பெற்றவர்களையும் திட்டமிடுதலில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பதை இன்று யாரும் வெளிப்படையாக மறுப்பதில்லை. தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று சொல்லிப் பழகிய நமக்கு இந்தக் கொள்கையை ஏற்பதில் சிரமமும் இல்லை. எப்படிச் சேர்ப்பது என்று கேட்கும்போதுதான் சிரமம் தொடங்குகிறது. படிவம் கொடுத்துக் கருத்துக் கேட்டால் போதுமா, ஆலோசனைக் குழு ஒன்றை அமைப்பதா, ஒரு சேவையை அவர்களோடு உட்கார்ந்து புதிதாக வடிவமைப்பதா, நிர்வாகக் குழுவில் வாக்குரிமையோடு இடம் தருவதா, சம்பளத்துக்கு வேலையில் அமர்த்துவதா என்று ஐந்து வழிகள் ஓர் அமைப்பின் முன் இருக்கின்றன. இவற்றுள் எதைத் தேர்வது என்பதைப் பெரும்பாலான அமைப்புகள் தங்கள் வசதியைப் பார்த்தே முடிவு செய்கின்றன. எந்த முடிவு இன்னும் எடுக்கப்படாமல் இருக்கிறது, அந்த முடிவை வெளியார் ஒருவர் மாற்றினால் ஏற்றுக்கொள்ள நாம் தயாரா என்பதைப் பார்த்துத் தேர்வதே சரி என்பது என் கருத்து.

இந்த விவாதத்தில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது, அமெரிக்க அரசின் நகரத் திட்டங்களில் பணியாற்றிய ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் 1969-இல் வெளியிட்ட, மக்கள் பங்கேற்பை அளக்கும் எட்டுப் படி ஏணி. கீழ் இரண்டு படிகள் பங்கேற்பே அல்ல என்றும், தகவல் சொல்வது, கருத்துக் கேட்பது, சமாதானப்படுத்த இடம் கொடுப்பது ஆகிய நடு மூன்று படிகள் பெயரளவிலானவை என்றும், அதிகாரம் உண்மையில் கைமாறுவது மேல் மூன்று படிகளில் மட்டுமே என்றும் அவர் வகுத்தார். கண்துடைப்பைக் கண்டுபிடிக்க இதைவிடக் கூர்மையான கருவி இன்றும் இல்லை. ஆனால், மேலே ஏற ஏற நல்லது என்ற எண்ணத்தையும் ஏணி என்ற உருவகம் கூடவே கொண்டுவந்துவிடுகிறது. மருந்தகம் மாலை எத்தனை மணி வரை திறந்திருக்க வேண்டும் என்பதை அறிய நிர்வாக அதிகாரத்தைக் கைமாற்ற வேண்டியதில்லை. முந்நூறு பேரிடம் கேட்டால் போதும். அதே சமயம், நிதி குறையும்போது எந்தச் சேவையை நிறுத்துவது என்ற கேள்விக்கு முந்நூறு படிவங்கள் விடை தராது. அங்கே வாக்குள்ள ஒரு நாற்காலிதான் பயன்படும்.

முதல் வழியான கருத்துக்கேட்பின் பலம் அதன் பரப்பு. கூட்டத்தில் வாய் திறக்காதவர்களும், கூட்டத்துக்கே வர விரும்பாதவர்களும் பெயர் சொல்லாமல் பதில் எழுதலாம். பலவீனம், கேள்விகளை எழுதுவது அமைப்பு என்பதில் இருக்கிறது. பணியாளர்கள் மரியாதையாக நடந்துகொண்டார்களா என்ற கேள்விக்கு ஒருவர் 'ஆம்' என்ற கட்டத்தில் உண்மையாகவே குறியிடுவார்; ஆனால் காத்திருக்கும் கூடத்தில் தன் பெயரையும் தான் போக வேண்டிய பிரிவின் பெயரையும் சேர்த்து உரக்கக் கூப்பிட்டதால், அண்டை வீட்டாருக்குத் தன் நோய் தெரிந்துபோனதைச் சொல்ல அந்தப் படிவத்தில் இடமே இருக்காது. நாளையும் அதே வாசலில் வந்து நிற்க வேண்டியவர் குறை எழுதத் தயங்குவார் என்பது ஒருபுறம். சேவை பிடிக்காமல் பாதியில் விலகியவரிடம் படிவமே போய்ச் சேராது என்பது மறுபுறம். எனவே நேரம், இடம், மொழி போன்றவற்றுக்கு இந்த வழியைப் பயன்படுத்தலாம். சேவை சரியாக இருக்கிறதா என்ற பெரிய கேள்விக்குத் திருப்தி விழுக்காட்டைச் சான்றாக வைப்பதை நான் ஏற்பதில்லை.

இரண்டாவது வழியான ஆலோசனைக் குழுவே உலகில் மிக அதிகமாகத் தேர்ந்தெடுக்கப்படுவதாக இருக்கும் என்று நினைக்கிறேன். செலவு குறைவு, கௌரவம் உண்டு, ஆண்டறிக்கையில் புகைப்படம் போடலாம். அது இயங்கும் விதத்தைச் சற்று அருகில் நின்று பார்க்க வேண்டும். பன்னிரண்டு பேர் கொண்ட குழுவில் சேவை பெற்றவர்கள் இருவர். நிகழ்ச்சி நிரலும் இணைப்புகளுமாக அறுபது பக்கங்கள் முந்தைய நாள் மாலை மின்னஞ்சலில் வருகின்றன. அதில் பாதி சுருக்கெழுத்துகள். கூட்டம் காலை ஒன்பதரை மணிக்கு. இரவு எடுத்துக்கொண்ட மருந்தின் மயக்கம் சிலருக்கு அந்நேரத்தில் தெளிந்திருக்காது என்பதை நேரம் குறித்தவர் நினைத்துப் பார்ப்பதில்லை. பயனாளிகளின் கருத்து என்பது நிரலின் கடைசி எண்ணாக இருக்கும். அதற்கு வரும்போது நேரமாகிவிட்டிருக்கும். பின்னர் வரும் கூட்டக் குறிப்பில் 'கருத்துகள் கவனத்தில் கொள்ளப்பட்டன' என்று ஒரு வரி இருக்கும். இதில் யாருடைய கெட்ட எண்ணமும் தேவைப்படவில்லை. ஆலோசனை சொல்லும் உரிமை மட்டும் இருந்து, பதில் பெறும் உரிமை இல்லாத எந்தக் குழுவும் இங்கேதான் வந்து நிற்கும்.

இதைச் சரிசெய்ய முடியாது என்பதில்லை. ஒவ்வொரு பரிந்துரைக்கும் நிர்வாகக் குழு இத்தனை நாட்களுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும், மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும் என்ற ஒரே ஒரு விதி ஆலோசனைக் குழுவின் இயல்பையே மாற்றிவிடும். நிரலைக் குழுவே தயாரிப்பதும், தலைமை அவர்களிடம் இருப்பதும் அடுத்த நிலை. அமெரிக்காவில் எச்.ஐ.வி. சேவைகளுக்கான ரயன் ஒயிட் திட்டத்தின் உள்ளூர்த் திட்டமிடல் மன்றங்கள் இன்னும் ஒரு படி மேலே செல்கின்றன: உறுப்பினர்களில் குறைந்தது 33 விழுக்காட்டினர் அந்தச் சேவைகளைப் பெறுபவர்களாக இருக்க வேண்டும்; அவர்கள் நிதி பெறும் நிறுவனங்களின் ஊழியர்களாகவோ ஊதியம் பெறும் ஆலோசகர்களாகவோ இருக்கக் கூடாது. வந்த பணத்தை எந்தச் சேவைக்கு எவ்வளவு என்று முன்னுரிமைப்படுத்தும் வேலையே அந்த மன்றத்துக்கு உண்டு. விழுக்காட்டைவிட அந்த இரண்டாவது நிபந்தனைதான் நம் கவனத்துக்கு உரியது. நிறுவனத்தின் கையை எதிர்பார்த்து இருப்பவரை அதே நிறுவனத்தின் விமர்சகராக அமர்த்துவது இருவருக்கும் சங்கடம்.

மூன்றாவது வழி, ஒரு குறிப்பிட்ட சேவையை எடுத்து, பெற்றவர்களும் தருபவர்களும் சமமாக அமர்ந்து அதை மீண்டும் வடிவமைப்பது. இதற்கு இங்கிலாந்தில் உருவான அனுபவ அடிப்படையிலான இணை வடிவமைப்பு முறை நல்ல எடுத்துக்காட்டு. 2005-06 காலத்தில் லூட்டன் அண்ட் டன்ஸ்டபிள் மருத்துவமனையின் தலை, கழுத்துப் புற்றுநோய்ப் பிரிவில் அது முதலில் முயலப்பட்டது. நோயாளிகளிடம் நீண்ட நேர்காணல்கள் எடுத்து ஒளிப்பதிவு செய்கிறார்கள். அவற்றிலிருந்து மனத்தைத் தொட்ட, புண்படுத்திய, நிம்மதி தந்த தருணங்களைத் தொகுத்துச் சுமார் அரை மணி நேரப் படமாக்குகிறார்கள். பணியாளர்களிடமும் தனியே அவர்கள் அனுபவத்தைக் கேட்கிறார்கள். பிறகு இரு தரப்பும் ஒரே அறையில் அந்தப் படத்தைப் பார்த்து, எதை முதலில் மாற்றுவது என்று சேர்ந்து முடிவு செய்து, சிறு குழுக்களாகப் பிரிந்து வேலை செய்கின்றன.

இந்த வரிசையில் ஒரு நுட்பம் இருக்கிறது. அனுபவம் பெற்றவரைக் கூட்டத்துக்கு அழைத்துக் 'கருத்தைச் சொல்லுங்கள்' என்றால், அவர் அந்த நிமிடத்தில் ஒரு நிபுணரைப் போலப் பேச முயல வேண்டியிருக்கிறது. பழக்கமில்லாத அந்த ஆட்டத்தில் அவர் தோற்பது எளிது. படம் அந்தச் சுமையை எடுத்துவிடுகிறது. அவர் தனக்கு நேர்ந்ததைச் சொன்னால் போதும். அதிலிருந்து வடிவமைப்புக் கேள்வியைக் கண்டெடுப்பது அறையில் உள்ள எல்லோருக்கும் பொதுவான வேலையாகிறது. சேர்க்கையின்போது ஒருவர் தன் மேல் நடந்த வன்முறையை வரவேற்பாளர், சமூகப் பணியாளர், மருத்துவர் என்று மூன்று பேரிடம் மூன்று முறை சொல்ல வேண்டியிருக்கிறது என்பதை எந்தத் திருப்திக் கணக்கும் வெளிக்கொண்டுவராது. திரையில் ஒருவர் அதைச் சொல்லும்போது, அந்த மூன்று கேள்விகளையும் கேட்டவர்கள் அதே அறையில் இருப்பார்கள், ஒருவர் கேட்டதை மற்றவர் அறிந்திருக்க மாட்டார். ஒரு முறை எழுதி, சம்பந்தப்பட்டவரின் சம்மதத்தோடு மூவரும் படிப்பது என்ற தீர்வு அங்கேயே பிறக்கும்.

இதன் விலையையும் சொல்லிவிட வேண்டும். முழுச் சுற்றுக்கு ஏறக்குறைய ஓர் ஆண்டு பிடிக்கும். இரு தரப்பையும் தெரிந்த, ஆனால் எந்தத் தரப்பும் அல்லாத ஒரு நடுநிலையாளர் வேண்டும். நேர்காணல்களைப் புதிதாக எடுக்காமல் ஏற்கெனவே உள்ள காப்பகப் பதிவுகளைப் பயன்படுத்திச் சுருக்கும் முறையையும் இங்கிலாந்தில் தீவிர சிகிச்சைப் பிரிவிலும் நுரையீரல் புற்றுநோய்ச் சேவையிலும் சோதித்திருக்கிறார்கள். சிறிய அமைப்புக்கு அதுவே நடைமுறைக்கு உகந்தது. பெரிய குறை வேறு. இந்த முறை ஒரு சேவையின் உருவத்தை மாற்றும். அந்தச் சேவைக்கு எவ்வளவு பணம் என்ற கேள்வியைத் தொடாது. ஆறு மாதம் கூடி உருவாக்கிய திட்டம் நிதி இல்லை என்று அலமாரியில் வைக்கப்பட்டால், அடுத்த முறை அழைக்கும்போது யாரும் வர மாட்டார்கள், வராததில் நியாயமும் இருக்கும். ஆகவே, என்ன தொகைக்குள், எந்த எல்லைக்குள் மாற்றம் செய்யலாம் என்பதைத் தொடங்கும் முன்பே எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

இதே இடத்தில் மிகச் சிறிய ஒரு வடிவத்தையும் குறிப்பிட வேண்டும்: துண்டுப் பிரசுரம், படிவம், அறிவிப்புப் பலகை ஆகியவற்றை அச்சுக்குப் போகும் முன் சேவை பெற்றவர்களோடு சேர்ந்து எழுதுவது. நோயாளிகளுக்கான தகவல் ஏடுகளைத் தயாரிப்பதில் அவர்களையும் சேர்த்தால், அவை கூடுதல் பொருத்தத்தோடும் எளிதில் புரியும்படியும் அமைகின்றன என்பதை, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2006-ஆம் ஆண்டு ஆய்வுத் தொகுப்பு காட்டியது. இதற்கு எந்த அமைப்பும் பணமில்லை என்று சாக்குச் சொல்ல முடியாது.

நான்காவது வழியில்தான் அதிகாரம் கைமாறுகிறது. 1983-இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் கூடிய எய்ட்ஸ் நோயாளிகள், தங்களைப் 'பலியானவர்கள்' என்று அழைப்பதைக் கண்டித்ததோடு நிற்காமல், முடிவெடுக்கும் எல்லா நிலைகளிலும், குறிப்பாகச் சேவை நிறுவனங்களின் நிர்வாகக் குழுக்களில், தங்களுக்கு இடம் வேண்டும் என்று அறிவித்தார்கள். 1994-இல் பாரிஸ் மாநாட்டில் 42 நாடுகள் அந்தக் கொள்கைக்கு ஒப்பமிட்டன. ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை 2006-இல் ஏற்கப்பட்டபோது, அவர்களுடைய சொந்த அமைப்புகள் வழியாக நெருங்கிக் கலந்தாலோசிப்பதை அதன் நான்காவது பிரிவு அரசுகளின் கடமையாக்கியது. இந்தியாவின் 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமும் மனநோய் அனுபவம் உள்ளவர்களின் பிரதிநிதிகளுக்கும் பராமரிப்பவர்களின் பிரதிநிதிகளுக்கும் மத்திய மனநல ஆணையத்தில் இடம் ஒதுக்கியிருக்கிறது.

இவற்றுள் மிக உறுதியானது அமெரிக்கச் சமூகச் சுகாதார மையங்களின் விதி. மைய அரசின் நிதியைப் பெறும் இந்த மருத்துவ மையங்களின் நிர்வாகக் குழுவில் குறைந்தது 51 விழுக்காட்டினர் அந்த மையத்திலேயே சிகிச்சை பெறுபவர்களாக இருக்க வேண்டும்; தலைமை அலுவலரை நியமிப்பதும் நீக்குவதும், ஆண்டு வரவுசெலவை ஏற்பதும் அந்தக் குழுவின் கையில் இருக்கின்றன. பெரும்பான்மை என்று வைத்ததன் விளைவை எண்ணிப் பாருங்கள். பத்துப் பேர் நடுவே ஒரே ஒருவர் சேவை பெற்றவராக அமர்ந்தால், அவர் ஒவ்வொரு முறையும் எதிர்ப்பாளராகவோ மௌனமாகவோ இருக்க வேண்டியிருக்கும். இருவர் இருந்தால் கூட்டத்துக்கு முன் பேசிக்கொள்ள முடியும், ஒருவர் உடல்நலம் குன்றி வராதபோது மற்றவர் இருப்பார். மூன்றில் ஒரு பங்கு வந்துவிட்டால் அவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு வெளிப்படையாக எழும், 'பயனாளியின் கருத்து' என்று ஒன்றே உண்டு என்ற மயக்கம் தெளியும். ஒற்றை இருக்கையை நான் எந்த அமைப்புக்கும் பரிந்துரைக்க மாட்டேன். அதைவிட நன்றாக நடக்கும் ஆலோசனைக் குழுவே மேல்.

வாக்குரிமையின் சுமையும் சிறியதல்ல. நிர்வாகக் குழு உறுப்பினருக்குச் சட்டப் பொறுப்பு உண்டு. கணக்கைப் படிக்கத் தெரிய வேண்டும். தான் பெறும் சேவையைப் பற்றிய முடிவு வரும்போது விலகி நிற்க வேண்டிய தருணங்களும் வரும். தனக்குச் சிகிச்சை தரும் மருத்துவரின் ஊதிய உயர்வைப் பற்றி வாக்களித்துவிட்டு மறுநாள் அவரிடமே போய் அமர்வது இருவருக்கும் எளிதாக இருக்காது. இதற்கு வழி, தற்போது சேவை பெறுபவரையே கட்டாயமாக்காமல், கடந்த சில ஆண்டுகளுக்குள் பெற்றவரையும் தகுதியுள்ளவராகக் கொள்வது. மேற்சொன்ன அமெரிக்க மையங்களின் விதியும் கடந்த 24 மாதங்களுக்குள் சேவை பெற்றிருந்தால் போதும் என்றே வைத்திருக்கிறது. முதல் ஆண்டில் வரவுசெலவுக் கணக்கைக் கற்றுத்தர ஒருவரை அமர்த்துவதும் அவசியம். கற்றுத்தராமல் நாற்காலி மட்டும் தந்துவிட்டு, பிறகு அவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை என்று சலித்துக்கொள்வது நியாயமாகாது.

ஐந்தாவது வழி, அனுபவம் பெற்றவர்களைச் சக ஆதரவுப் பணியாளர்களாக வேலைக்கு எடுப்பது. மனநலச் சேவைகளில் இது பரவலாகியிருக்கிறது. 11 சோதனைகளில் பங்கேற்ற 2,796 பேரின் தரவுகளை ஆராய்ந்த காக்ரேன் தொகுப்பு ஒன்று 2013-இல் வெளியானது. அதே பொறுப்பில் இருக்கும் தொழில்முறைப் பணியாளர்களைவிட இவர்கள் தந்த பலன் மேலாகவும் இல்லை, கீழாகவும் இல்லை என்று அது முடிவு செய்தது. நெருக்கடிச் சேவைகளின் தேவை மட்டும் சிறிது குறைந்தது. இதை ஏமாற்றமான முடிவாகச் சிலர் படிக்கிறார்கள். படித்துப் பட்டம் பெற்றவருக்கு இணையாக ஒருவர் தன் பட்டறிவைக் கொண்டு பணியாற்றுகிறார் என்றால், அவரைக் கடைசி ஊதிய நிலையில் வைத்திருப்பதற்கான காரணம் என்ன என்ற கேள்வியாகவே நான் இதைப் படிக்கிறேன்.

ஆனால் ஒப்பீட்டில் ஓர் எச்சரிக்கை தேவை. சக பணியாளர் சேவையைத் தருகிறார். சேவை எப்படி இருக்க வேண்டும் என்று முடிவு செய்வதில்லை. மேலாளருக்குக் கீழே இருப்பவர், விடுப்புக்கும் பதவி உயர்வுக்கும் அவரையே நம்பியிருப்பவர், அமைப்பின் குறைகளைப் பொதுவில் சொல்வார் என்று எதிர்பார்ப்பது அவருக்குச் செய்யும் அநீதி. நான்கு சக பணியாளர்கள் இருக்கிறார்கள், எனவே பயனாளிகளின் குரல் எங்களிடம் இருக்கிறது என்று சொல்லும் அமைப்பு இரண்டு வேறு பொருள்களை ஒன்றாக எண்ணுகிறது. வேலை கொடுப்பது நல்லது. அதைப் பங்கேற்புக் கணக்கில் எழுதக் கூடாது.

பயனாளிகளே அமைப்பை நடத்துவது என்ற ஆறாவது வழியும் உண்டு. 1972-இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் மாற்றுத்திறனாளியான எட் ராபர்ட்ஸும் அவர் தோழர்களும் தொடங்கிய தற்சார்பு வாழ்க்கை மையம் அதன் முன்னோடி. இன்று அமெரிக்கச் சட்டத்தின்படி இத்தகைய மையங்களின் நிர்வாகக் குழுவிலும் ஊழியர்களிலும் மாற்றுத்திறனாளிகளே பெரும்பான்மையாக இருக்க வேண்டும். ஆனால் ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் ஓர் அமைப்பு தன் முன்னே வைத்து எடைபோடக்கூடிய தேர்வு அல்ல இது. அப்படி ஒரு மையம் அருகில் இருந்தால் அதற்கு வேலையைப் பிரித்துக் கொடுக்கலாம் என்பதோடு விட்டுவிடுகிறேன்.

எந்த வழியைத் தேர்ந்தாலும் இரண்டு கேள்விகள் கூடவே வரும். முதலாவது பணம். ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்திருப்பவர்களுள் சம்பளம் வாங்காமல் வந்திருப்பவர் சேவை பெற்றவர் மட்டுமே என்ற நிலை பல அமைப்புகளில் இயல்பாகிவிட்டது. பயணச் செலவை அன்றே கையில் தருவதும், அமர்வுக்கு மதிப்பூதியம் தருவதும், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் ஏற்பாடு செய்வதும் அடிப்படையானவை. ஆனால் அரசின் உதவித்தொகை பெறுபவருக்கு இந்தச் சிறு வருமானமே அந்தத் தொகையை இழக்கக் காரணமாகிவிடக்கூடும் என்பதால், எந்த வடிவில் தருவது என்பதை அவரிடமே முதலில் கேட்க வேண்டும். இரண்டாவது, யாரை அழைப்பது. நன்றாகப் பேசத் தெரிந்த, எல்லாக் குழுக்களிலும் இருக்கிற அதே மூவரையே திரும்பத் திரும்ப அழைப்பது உண்மையான குறை. ஆனால் 'நீங்கள் எல்லோரையும் பிரதிநிதித்துவப்படுத்தவில்லையே' என்ற கேள்வி, பிடிக்காத கருத்தைச் சொன்னவரிடம் மட்டுமே கேட்கப்படுகிறது என்பதையும் கவனிக்கத்தான் வேண்டும். அதே அறையில் உள்ள மருத்துவரிடம் எல்லா மருத்துவர்களின் பிரதிநிதியா என்று யாரும் கேட்பதில்லை. பராமரிக்கும் குடும்பத்தாரை அழைத்துவிட்டு, சேவை பெறுபவரையே அழைத்ததாகக் கணக்குக் காட்டுவதும் கூடாது. இருவருக்கும் தேவைகள் வேறு, சில சமயம் எதிரானவை.

ஆகவே என் தேர்வு இப்படி அமையும். பத்துப் பதினைந்து ஊழியர்களோடு இயங்கும், இதுவரை யாரையும் சேர்த்துக்கொள்ளாத ஓர் அமைப்பு, ஆலோசனைக் குழுவைத் தொடங்காமல், மாற்ற அதிகாரமும் பணமும் தன்னிடம் உள்ள ஒரே ஒரு சேவையை, உதாரணமாகச் சேர்க்கை நடைமுறையை, எடுத்து இணை வடிவமைப்பில் இறங்க வேண்டும். அதில் ஓராண்டு பணியாற்றியவர்களுக்கு அமைப்பின் உள்நடப்பு புரிந்திருக்கும், ஊழியர்களுக்கும் அவர்கள் மேல் நம்பிக்கை வந்திருக்கும். அவர்களுள் விருப்பமுள்ளவர்களைக் கொண்டு நிர்வாகக் குழுவில் ஒரே நேரத்தில் இரண்டு அல்லது மூன்று வாக்குரிமை இருக்கைகளை நிரப்பலாம். ஏற்கெனவே ஆலோசனைக் குழு இருக்கும் அமைப்பு அதைக் கலைக்க வேண்டியதில்லை. எழுத்தில் பதில் தரும் விதியைச் சேர்த்துவிட்டு, ஓராண்டில் எத்தனை பரிந்துரைகள் ஏற்கப்பட்டன என்று பார்த்துவிட்டு அடுத்ததை முடிவு செய்யலாம். நிதிக் குறைப்பு வரப்போகிறது என்று முன்கூட்டியே தெரிந்த அமைப்பு மட்டும் இந்த வரிசையை மாற்றி, வாக்குரிமையை முதலில் தர வேண்டும். வெட்டு முடிந்த பிறகு அழைத்து எஞ்சியதை வடிவமைக்கச் சொல்வதற்குப் பெயர் பங்கேற்பு அல்ல.

கூட்ட நேரத்தை மாலைக்கு மாற்றுவது, ஆவணங்களை ஒரு வாரம் முன்பே, இரண்டு பக்கச் சுருக்கத்தோடு அனுப்புவது, மதிப்பூதியத்துக்கு வரவுசெலவுத் திட்டத்தில் தனித் தலைப்பு திறப்பது ஆகியவற்றுக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை, அடுத்த மாதமே செய்துவிடலாம். வாக்குரிமை இருக்கைகளுக்கு அமைப்பின் விதிகளைத் திருத்த வேண்டியிருக்கும். அதற்குப் பொதுக்குழுவின் ஒப்புதல் தேவை என்றால், வடிவமைப்புப் பணி தொடங்கும் அன்றே திருத்த முன்வரைவையும் எழுதத் தொடங்குவது நல்லது.